ஏழாயிரம்பண்ணை வீட்டுக்கு இழுத்த நீல ஒயர்

வீட்டுக்குள் நெட்வொர்க் ஒயர் இழுக்க வருகிறவனுக்கு எந்த வீட்டிலும் நாற்காலி போடமாட்டார்கள். ஏணி போடுவார்கள், பரணைக் காட்டுவார்கள், கட்டிலுக்கு அடியில் தாராளமாக இடம் ஒதுக்குவார்கள். தலையில் ஒட்டடையும் வாயில் நாலு ஆணியும் கையில் ஆறிப்போன காபியுமாக நின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் கிட்டே வாருங்கள், நாம் ஒரே கட்சி.

பிராட்பேண்ட் எங்கள் பக்கம் மெல்ல எட்டிப் பார்க்கத் தொடங்கிய வருடங்கள் அவை. வீட்டுக்கு ஒரு இணைப்பு வாங்குவார்கள். அதை இரண்டு மூன்று கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒயர் இல்லாமல் காற்றிலேயே அனுப்பும் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. ஆனால் அதன் விலையைக் கேட்டதும் ‘ஒயரே போதும்’ என்பார்கள். ஒயரின் விலையைக் கேட்டதும் ‘பாத்துக் கம்மியாப் பண்ணுங்க’ என்பார்கள். இந்தக் கம்மிக்காரர்களை நம்பித்தான் நானும் ஷாகுலும் விருதுநகரில் தொழில் தொடங்கினோம். நான் சிவகாசி அச்சகம் ஒன்றில் ஆப்செட் பிளேட் போட்டுக்கொண்டிருந்தவன். ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். ஷாகுல் கேபிள் டிவி ஒயர் இழுத்தவன். துளை போடுவதில் மன்னன். பொறுமை மட்டும் மருந்துக்கும் கிடையாது.

எத்தனையோ வீடுகளுக்குப் போனோம். பெரும்பாலும் சிரிப்பாகவே முடிந்தது. ஒரே ஒரு வீட்டில் மட்டும், ஒரு பெண்ணின் வேலையே எங்கள் ஒயரில் தொங்கியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், நாங்கள் எப்படிப்பட்ட வித்தகர்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

வத்தல் வீட்டுத் துளை

முதல் வேலை விருதுநகரிலேயே, ஒரு மிளகாய் வத்தல் வியாபாரி வீட்டில். ஆபீஸ் அறையில் இருந்த நெட், சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்குள் இருந்த மகனுடைய கம்ப்யூட்டருக்கும் வர வேண்டும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் துளை போட வேண்டும் என்பது கோர்ஸில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஷாகுல் கோர்ஸுக்கு வரவில்லை.

ஒரு அடி நீள டிரில் பிட் சுவரைத் தாண்டி, அங்கே அடுக்கி வைத்திருந்த வத்தல் மூட்டைக்குள் இறங்கி, நன்றாகச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஷாகுல் தும்மினான். அப்புறம் நான். அப்புறம் கணக்குப்பிள்ளை, வீட்டுப் பெண்கள், பக்கத்துத் தையல்கடைக்காரர். தெருவில் போன சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி நின்று தும்மிவிட்டு மறுபடி ஏறிப் போனார். நான் கண்ணில் நீர் வழிய வழிய ஒயருக்குள் இருந்த எட்டு நிறக் கம்பியையும் அடுக்கி, முனையில் கனெக்டரை மாட்டி, ஒருவழியாக நெட்டை வரவழைத்துவிட்டேன். இனி வசவு வரும் என்று தலையைக் குனிந்து நின்றபோது, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்த வியாபாரி அதை விலக்கி ஆழமாக மூச்சு இழுத்துப் பார்த்தார். “நாலு நாளா அடைச்சிருந்த மூக்கு தம்பி, டாக்டர்ட்டப் போயும் தொறக்கல. நெட்டுக்குத் தனியா, மூக்குக்குத் தனியா வாங்கிக்கோங்க!”

மூன்று கொட்டேசன்

அடுத்தது சூலக்கரைப் பக்கம் குடியிருந்த ஓர் அரசு ஊழியர் வீடு. இரண்டு கம்ப்யூட்டர், நெட்டைப் பிரித்துக் கொடுக்க ஸ்விட்ச் என்கிற ஒரு சின்னப் பெட்டி, இருபது மீட்டர் ஒயர். ஒரு மணி நேர வேலை. ஆனால் மனிதர் தன் சொந்த வீட்டுக்கே மூன்று பேரிடம் கொட்டேசன் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வேலை கொடுப்பாராம். முப்பது வருடப் பழக்கம், வீட்டுக்கு வந்தால் விட்டுவிடுமா? அந்த வட்டாரத்தில் இந்த வேலைக்கு எங்களை விட்டால் ஆள் கிடையாது என்று சொல்லிப் பார்த்தோம். கேட்கவில்லை. சரி என்று ஒன்றை நான் எழுதினேன். ஒன்றை ஷாகுல் இடது கையால் எழுதினான். மூன்றாவதை என் மனைவி ஸ்டெல்லா, ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்த அலுப்போடு எழுதிக்கொடுத்தாள்.

மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்தார். பிறகு எங்களை நிமிர்ந்து பார்த்தார். “மூணு பேரும் ஒரே போன் நம்பரைப் போட்டுருக்கீக. பரவால்ல, மூணு தாள் இருக்குல்ல? நாளைக்கு வந்து வேலைய ஆரம்பிங்க.”

பச்சைப் புள்ளி

மூக்கு திறந்த அந்த வத்தல் வியாபாரிதான் எங்கள் நம்பரை செல்விக்குக் கொடுத்தார். அவருடைய மிளகாய்ப்பொடி பாக்கெட்டுக்கு லேபிள் வரைந்தது செல்வி. சிவகாசியில் ஒரு டிசைன் சென்டரில் வேலை. பட்டாசுப் பெட்டிகளின் மேல் ஒட்டுகிற கிளி, மயில், ரோஜாப்பூ, ராக்கெட் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பாள். பிரசவத்துக்கு ஏழாயிரம்பண்ணையில் இருக்கிற தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம். அதற்குள் தீபாவளி லேபிள் சீசன் தொடங்கிவிட்டது. கைக்குழந்தையை விட்டுவிட்டு தினமும் பஸ் ஏறிப் போய்வர முடியாது. முதலாளியிடம் கெஞ்சி, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கியிருந்தாள்.

அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, முதலாளியின் கம்ப்யூட்டரில் சாட்டிங் பெட்டியைத் திறந்தால் செல்வி என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிய வேண்டும். சாயங்காலம் வரை அணையக் கூடாது. நாங்கள் போய் நின்றது வியாழக்கிழமை. வீட்டின் முன்பக்கம், தெருவைப் பார்த்து, அப்பா சீனிச்சாமியின் ஜெராக்ஸ் கடை. போன் லைனும் நெட்டும் அங்கே. அது கடையின் பிழைப்பு, அங்கிருந்து நகர்த்த முடியாது. செல்வியின் கம்ப்யூட்டரும் குழந்தையின் தொட்டிலும் வீட்டைத் தாண்டி, முற்றத்தையும் தாண்டி, கடைசியில் இருந்த தனி அறையில். “படத்த ஒரு பென் டிரைவுல ஏத்திக் கடையில கொண்டாந்து அனுப்புனா ஆகாதா? எதுக்கு இம்புட்டுத் தூரம் ஒயரு?” என்று சீனிச்சாமி கேட்டார். செல்வி தொட்டிலை ஆட்டிக்கொண்டே எனக்குப் பதில் சொன்னாள். “ஒரு லேபிளுக்கு இருபது கரெக்சன் சொல்லுவாரு அண்ணே. சொன்ன உடனே பண்ணணும். அந்தப் புள்ளி எரியலன்னா எஞ் சேர்ல வேற ஆள் உக்காந்துரும், அவரு வாய்விட்டே சொல்லிட்டாரு.”

எதிரெதிர்த் துளை ஆகாது

சீனிச்சாமி பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனியை விட்டு வந்தாரே தவிர, கம்பெனி அவரை விட்டுப் போகவில்லை. கடைச் சுவரில் ஒரு துளை, எதிர்ச் சுவரில் ஒரு துளை, நேராக இழுத்தால் முப்பது மீட்டரில் வேலை முடிந்துவிடும். கூடவே கூடாது என்றார். ஒரு வாசலுக்கு எதிரே இன்னொரு வாசல் இருந்தால், தீ பிடித்தால் நேராகப் பாயும் என்பது அவர் படித்த பாடம். இது ஒயர்தான் ஐயா, நெருப்பு இல்லை என்றேன். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். கடைசியில் காம்பவுண்டு சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போவதாக முடிவாயிற்று. முப்பது மீட்டர் அறுபத்தைந்து ஆனது. நல்லவேளை, நூறு மீட்டர் சுருளாக வாங்கி வந்திருந்தேன். அதற்கு மேல் வாங்க அவர்களிடமும் வழியில்லை, எங்களிடமும் இல்லை.

அதோடு விட்டாரா? சுருளிலிருந்து ஒரு சாண் வெட்டித் தரச் சொன்னார். முற்றத்தின் நடுவே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தீக்குச்சியைக் கொளுத்தி அதன் நுனியில் வைத்தார். ஒயர் சுருங்கியது, கறுத்தது, புகைந்தது. குச்சியை எடுத்ததும் அணைந்துவிட்டது. மறுபடி கொளுத்தினார். மறுபடி அணைந்தது. ஷாகுல் என் காதருகே வந்து, ஓடிவிடலாமா என்றான். சீனிச்சாமி எழுந்து வந்து, கருகிய துண்டை மரியாதையாக என் கையில் கொடுத்தார். “திரியா இருந்தா இது ஒண்ணுக்கும் ஆகாத சரக்கு தம்பி, ரிஜக்ட் பண்ணிருப்பேன். ஒயர்னா முதல் தரம். தைரியமா வீட்டுக்குள்ள விடுங்க.”

மாதிரித் துண்டு

வெள்ளிக்கிழமை காலையில் துளைகளைப் போட்டு முடித்தோம். கடையில் மோடத்துக்கும் ஸ்விட்சுக்கும் இடையே மாட்ட ஒரு சின்ன ஒயர் வேண்டும். சுருளிலிருந்து சரியாக இரண்டு மீட்டர் அளந்து வெட்டினேன். கனெக்டர் டப்பாவைத் திறந்தால் காலி. வத்தல் வீட்டில் தும்மிய தும்மலில் பாதியை வீணடித்திருந்தேன். வெட்டிய துண்டைச் சுருளின் மேலேயே வைத்துவிட்டு, நானும் ஷாகுலும் சாத்தூருக்கு பஸ் ஏறினோம். சாத்தூர்க் கடையிலும் கனெக்டர் இல்லை. புதிதாகத் திறக்கவிருந்த ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர் எல்லாவற்றையும் அள்ளிப் போய்விட்டாராம். அவரையே தேடிப் பிடித்தோம். ஒயர் வேலைக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை என்று அவர் புலம்பினார். அதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, ஒரு கை கனெக்டர் கடனாக வாங்கித் திரும்பினோம்.

இதற்கிடையில் இங்கே நடந்ததைக் கேளுங்கள். செல்வியின் அம்மா பேச்சியம்மாள் இருபத்திரண்டு வருடம் பட்டாசு கம்பெனியில் திரி வெட்டியவர். அங்கே ஒரு வழக்கம். ஃபோர்மேன் வருவார், ஒரு துண்டைத் திரிச் சுருளின் மேல் வைப்பார், ஒன்றும் பேசாமல் போய்விடுவார். சுருள் முழுவதையும் அந்த மாதிரித் துண்டின் அளவுக்கு வெட்டி வை என்று அர்த்தம். இதை யாரும் யாருக்கும் சொல்வது கிடையாது. பார்த்தாலே தெரியும். பேச்சியம்மாளும் பார்த்தார். பாவம், மகளுடைய வேலை, ஒயர்க்காரத் தம்பிகளுக்கும் அலைச்சல், நாமாவது உதவுவோம் என்று, அதே கம்பெனியில் கூட வேலை பார்த்த பக்கத்து வீட்டு அக்காமார் இருவரையும் கூப்பிட்டுக்கொண்டார். நாங்கள் வந்து சேர்ந்தபோது முற்றத்தில் சுருளைக் காணோம். பன்னிரண்டு பன்னிரண்டாக ரப்பர் பேண்டு போட்ட நான்கு நீலக் கட்டுகள் இருந்தன. மீந்த சின்னத் துண்டைக் கழிவு என்று தனியாகக்கூட வைத்திருந்தார்கள். நான் ஒரு கட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதை வியப்பு என்று எடுத்துக்கொண்ட பேச்சியம்மாள் முகமெல்லாம் பூரித்துப்போனார். “அளந்து பாருங்க தம்பி, அம்புட்டுலயும் ஒரு நூல் கூடக் கொறைய இருக்காது!”

ஷாகுலின் முறுக்கு

அன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. செல்விக்குப் புரிந்துவிட்டது. அவளும் அம்மாவிடம் காட்டிக்கொள்ளாமல் தொட்டில் பக்கம் போய்விட்டாள். சனிக்கிழமை காலை ஷாகுல் கறுப்பு டேப் பத்து உருண்டையோடு வந்து இறங்கினான். கேபிள் டிவியில் ஒயர் அறுந்தால் முறுக்குவது, டேப் சுற்றுவது, போய்க்கொண்டே இருப்பது. அதே வைத்தியம்தான். ஆனால் அங்கே ஒரு கம்பி, இங்கே எட்டு. ஒரு ஒட்டுக்கு எட்டு முறுக்கு, அறுபத்தைந்து மீட்டருக்கு முப்பத்திரண்டு ஒட்டு. மூன்று ஒட்டு வரை டெஸ்டரில் கம்பிக்கு ஒன்றாக எட்டு விளக்கும் எரிந்தன. ஆறாவதில் ஒன்று அணைந்தது. ஒன்பதாவதில் மூன்றுதான் மிச்சம். அப்படியே மாட்டிவிடலாம், படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் தெரியும் என்று ஷாகுல் வாதாடினான். டிவி இல்லையடா இது என்று நான் கத்தினேன்.

கத்தியதைப் பேச்சியம்மாள் கேட்டுவிட்டார். எங்களைப் பார்த்தார், டேப் சுற்றிய முண்டும் முடிச்சுமான ஒயரைப் பார்த்தார், அறை வாசலில் வந்து நின்ற மகளின் முகத்தைப் பார்த்தார். யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். தவறு என்னுடையது; அந்தத் துண்டை நான்தான் சுருள் மேல் வைத்தேன். அதை நான் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழவே இல்லை. “இருபத்திரெண்டு வருசம் தரையில உக்காந்து திரி வெட்டுனேன் தம்பி. எம் மகளாச்சும் சேர்ல உக்காரட்டும்னுதான் வெட்டுனேன். அந்தச் சேரையும் நானே வெட்டிப்புட்டனே!”

சாத்தூர் அண்ணாச்சி

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. தெருவுக்கு வந்து, ஒரு டீ குடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. நேற்று சாத்தூரில் அந்த பிரவுசிங் சென்டர் அண்ணாச்சி என்ன சொல்லிப் புலம்பினார்? இருபது கம்ப்யூட்டர். ஒவ்வொன்றுக்கும் சுவர்ப் பெட்டியிலிருந்து ஒரு சின்ன ஒயர், ஸ்விட்ச் பக்கம் ஒரு சின்ன ஒயர். மொத்தம் நாற்பது. எல்லாம் இரண்டு மீட்டர். போட்டுத் தர வேண்டிய ஆள் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவன் திரும்பவில்லை. திங்கட்கிழமை திறப்பு விழா. நேற்று இதையெல்லாம் கனெக்டருக்காகத் தலையாட்டிக்கொண்டே கேட்டேனே தவிர, ஒரு வார்த்தை உள்ளே போகவில்லை.

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். ஒயர் எங்களுடையது, கனெக்டர் அவருடையது, வேலை எங்களுடையது. நாற்பது ஒயரும் போட்டுக் கொடுத்தால், அவரிடம் இருக்கிற பெரிய ஒயர்ப் பெட்டியிலிருந்து எழுபது மீட்டர், வெட்டுப்படாமல், ஒரே நீளமாக எனக்கு வேண்டும். அண்ணாச்சி கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். கனெக்டர் மூட்டையையும், கனெக்டரை ஒயரில் அழுத்திப் பிடிக்கவைக்க அவரிடம் சும்மா கிடந்த கிரிம்பிங் கருவியையும் எடுத்து முன்னால் வைத்தார். “நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நாப்பதும் வரணும் தம்பி. ஒண்ணு கொறைஞ்சாலும் ஒரு சிஸ்டம் சும்மா கெடக்கும், கரெக்டா எம் மச்சினன் வந்து அதுலதான் உக்காருவான்.”

அறைக்கு நாலு பேர்

ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்கு வரவில்லை என்று ஸ்டெல்லாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கர்த்தர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார், அந்தப் பிள்ளையின் முதலாளி பொறுக்கமாட்டார், கிளம்புங்கள் என்றாள். ஏழாயிரம்பண்ணையில் பேச்சியம்மாளும் பக்கத்து வீட்டு அக்காமாரும் குளித்து முடித்து, கம்பெனிக்குப் போகிற மாதிரி தலைமுடியை இறுக்கக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஷாகுல் முறுக்கிய துண்டுகளையும் டேப் பிரித்து, கம்பியை நேராக்கி, மறுபடி கட்டோடு சேர்த்திருந்தார்கள். நாங்கள் ஐந்து பேரும் முன் அறைக்குள் நுழைந்தபோது சீனிச்சாமி வாசலை மறித்தார். ஓர் அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருந்து வேலை செய்யக் கூடாது என்பது விதியாம். பெண்கள் மூன்று பேர், நான் ஒருவன். ஷாகுலை டெஸ்டரோடு முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, அவர் கதவருகே காவல் நின்றார்.

மேல்தோலை உரிப்பது, எட்டுக் கம்பியைப் பிரிப்பது, நிறவரிசையாக அடுக்குவது, நுனியைச் சமமாக வெட்டி கனெக்டருக்குள் செருகுவது, அழுத்துவது. ஒரு முறைதான் செய்து காட்டினேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பேச்சியம்மாள் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். மற்ற சோடியெல்லாம் சேர்ந்து இருக்கும்போது பச்சைச் சோடியை மட்டும் ஏன் பிரித்து, நடுவில் நீலத்தைக் குடிவைத்திருக்கிறீர்கள்? ஆறு மாதக் கோர்ஸில் நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அது அப்படித்தான் அம்மா என்றேன். மூன்று பேரும் வேலையில் இறங்கினார்கள். அந்த விரல்கள் போன வேகத்துக்கு என் கண்ணால் ஈடுகொடுக்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் நான்கு கட்டும் முடிந்துவிட்டன. ஷாகுல் எல்லாவற்றையும் டெஸ்டரில் மாட்டிப் பார்த்து, நான்கு தேறவில்லை என்று ஒதுக்கினான். நான்கும் நான் போட்டவை.

தேறிய நாற்பத்து நான்கில் நாற்பதை எண்ணி எடுத்துக்கொண்டு சாத்தூருக்குப் போனேன். அண்ணாச்சி பத்துப் பன்னிரண்டை உருவி மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டார். முனையோடு முனை ஒட்டி நின்றன. கனெக்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே இருந்த நிறங்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “பாக்கெட் பிரிச்ச சரக்கு மாதிரியில்ல இருக்கு! எந்தக் கம்பெனி தம்பி இது? எங்கிட்டச் சொல்ல மாட்டீகளோ?”

திங்கட்கிழமை ஒன்பதரை

விடிந்ததும் எழுபது மீட்டரோடு போய் இறங்கினோம். சீனிச்சாமி சொன்ன வழியிலேயே, எதிரெதிர்த் துளை இல்லாமல், காம்பவுண்டைச் சுற்றி ஒயர் போயிற்று. இந்த முறை சுருளின் பக்கத்தில் ஷாகுலை உட்கார வைத்திருந்தேன். யார் வந்தாலும் எழக் கூடாது என்று கட்டளை. செல்வி குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு, ஆபீஸுக்குப் போவது போலவே நல்ல சேலை கட்டி, தலைவாரி, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா திரையைப் பார்த்தபடி இருந்தாள். மணி ஒன்பது பத்து. கடைசி முனைக்கு நான் கனெக்டர் போட்டு டெஸ்டரில் மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவது எரியவில்லை.

வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். இப்போது ஆறாவது எரிந்தது, மூன்றாவது எரியவில்லை. ஒன்பது இருபது. பேச்சியம்மாள் எழுந்து வந்து, என் கையிலிருந்து கருவியை வாங்கினார். நுனியை வெட்டி எறிந்தார், உரித்தார், அடுக்கினார், செருகினார், அழுத்தினார். எட்டும் எரிந்தன. செல்வி ஒயரை வாங்கி மாட்டி, பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தாள். பெட்டி சுற்றியது, சுற்றியது, நின்றது. செல்வி என்ற பெயருக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு புள்ளி. ஒன்பது இருபத்தேழு. மூன்று நாள் அழாத பெண் அப்போதுதான் அழுதாள். ஷாகுல் முற்றத்திலிருந்து, எழுந்திருக்கலாமா என்று குரல் கொடுத்தான்.

கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள் திரையில் முதலாளியின் எழுத்து வந்து விழுந்தது. வணக்கம் இல்லை, வந்துவிட்டாயா என்று இல்லை. பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார். சரவெடிப் பெட்டி லேபிளில் கிளிக்கு மூக்கு போதிய சிவப்பாக இல்லையாம், உடனே மாற்ற வேண்டுமாம் என்று செல்வி சொன்னாள். சொல்லும்போதே மவுஸில் கை ஓட ஆரம்பித்துவிட்டது. பேச்சியம்மாள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒரு கிளி மூக்குக்கா தம்பி நாம இம்புட்டுப் பாடுபட்டோம்? செவக்கட்டும், நல்லாச் செவக்கட்டும்!”

ஹார்டுவேர் சான்றிதழை நான்தான் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன் என்றாலும், அன்றைக்கு எட்டு விளக்கும் எரிந்தது எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவின் விரலில்தான்.